கன்னியாவுக்குப் போகும் வழியில் அறை தந்த அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கும் அண்ணனுக்கும்,

மட்டக்களப்பு அமிர்தகழியிலிருந்து எழுதுகிறேன். திருகோணமலையில் அநுராதபுர வீதிப் பக்கம் நீங்கள் நடத்தும் லொட்ஜின் பெயரை இதில் எங்கும் சொல்லப் போவதில்லை. சொன்னால், "இருக்கிற அறைகளைக் கூட்டித் துடைக்கவே நேரம் காணாது, இதில விளம்பரம் வேறயா" என்று அக்கா ஏசுவா. உங்களுக்கு மட்டும் கடிதம் போட்டிருக்கலாம். ஆனால் அறை வாடகைக்கு விடுகிற மற்றவர்களும் வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் ஊரறிய எழுதுகிறேன்.

என்னை ஞாபகம் இல்லாவிட்டாலும் அம்மாவை மறந்திருக்க மாட்டீர்கள். முழங்கால் நோவோடு வந்து, வாசற்படியில் ஒரு காலை வைத்து மற்றக் காலை எடுக்க ஏலாமல் நின்று, "இஞ்ச என்ன மகள், படி இவ்வளவு உயரமா கட்டி வச்சிருக்கீங்க" என்று வந்ததும் வராததுமாகக் குறை சொன்ன மனுசி. மட்டக்களப்புத் தயிர்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தவ.

எங்களுக்குக் கிட்டிய வெந்நீரூற்று கன்னியா இல்லை. செங்கலடியில் பதுளை வீதிக்குத் திரும்பினால் மகா ஓயா வந்துவிடும். அங்கே தண்ணீர் 50 பாகைக்கும் மேலே சுடும், அப்படியே மேலில் ஊற்ற முடியாது. அம்மா அதற்குச் சம்மதிக்கவில்லை. சூடு அதிகம் என்பதற்காக இல்லை. அவவுக்குக் கன்னியாதான் வேண்டும். சின்ன வயதில் தன் தகப்பனோடு போன இடம். அந்தக் காலத்தில் கரையோரமாகத் திருகோணமலைக்குப் போவதென்றால் ஆற்றுக்கு ஆறு இறங்கி, மிதவைப் பாதையில் ஏறிக் கடந்து, மறுகரையில் வேறு பஸ் பிடிக்க வேண்டும். பிறகு யுத்தம் வந்தது. அந்த வீதியை விட்டு, பொலன்னறுவை, ஹபரணை என்று தீவின் நடுப்பக்கம் சுற்றிப் போன வருடங்கள் அவை. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். 396 மீற்றர், அப்போது நாட்டிலேயே நீளமான பாலம். இப்போது வாகரை, கதிரவெளி, வெருகல், மூதூர் என்று ஒரே பஸ்ஸில் இருந்தபடியே வந்துவிடலாம். அம்மாவின் முழங்கால் அதற்குள் தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

கன்னியாவைத் தெரியாதவர்களுக்காக இதையும் எழுதிவிடுகிறேன். நகரிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீற்றரில், ஒரு வளவுக்குள் ஏழு சின்னச் சதுரக் கிணறுகள். மூன்று நான்கு அடி ஆழம். தரை தெரியும், குமிழி வருவதும் தெரியும். ஏழிலும் சூடு ஒன்றல்ல. ஒன்று உடம்புச் சூட்டை ஒட்டி நிற்கும், இன்னொன்று 40 பாகைக்குச் சற்று மேலே போகும். உள்ளே இறங்கிக் குளிக்க இடமில்லை, அள்ளி ஊற்றத்தான் வேண்டும். ஹங்கேரியின் புடாபெஸ்ற் நகரில் 1913 இல் திறந்த செச்செனி குளிப்பகத்தின் மஞ்சள் மாளிகைப் படங்களைப் பார்த்துவிட்டு இங்கே வருகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். அங்கே சுடுதண்ணீரைச் சுற்றி ஒரு நகரமே அழகு காட்டுகிறது. இங்கே ஏழு கிணறும் ஒரு வாளியும்.

இலங்கையில் எரிமலை கிடையாது. அப்படியிருக்க இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று பஸ்ஸில் அம்மா கேட்டா. மழைத் தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியே நெடுந்தூரம் ஆழத்துக்கு இறங்குகிறது. கீழே போகப் போகப் பூமி சூடு. அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு வேறு வெடிப்பு வழியே ஆறிப்போவதற்குள் மேலே ஏறி வந்துவிடுகிறது. ஹம்பாந்தோட்டைப் பக்கத்து மகாபெலஸ்ஸ, மகா ஓயா, கன்னியா என்று நாட்டின் கிழக்குப் பாதியில் இந்த ஊற்றுகள் வளைந்த வரிசையாக நிற்பதற்கும், இருவேறு பழம்பாறைத் தொகுதிகள் அங்கே ஒன்றோடொன்று முட்டுவதற்கும் தொடர்பு உண்டு என்பார்கள் புவியியலாளர்கள். நான் சொல்லி முடிய, "அது சரி, ஆனா இராவணன் தாய்க்குக் கடன் கழிக்க வந்த தண்ணி அது" என்று அம்மா முடித்துவைத்தா. கோணேசர் மலையில் இராவணனை மறித்து, தாய் இறந்த செய்தியைச் சொல்லி, கைத்தடியால் ஏழு இடத்தில் குத்தி ஊற்றெடுக்க வைத்த கிழப் பிராமணரின் கதை. எங்கள் ஊர் மாமாங்கக் கோயிலில் சிவலிங்கம் வைத்து வழிபட்டவர் இராமர் என்பது எங்கள் கோயிற்கதை. இராமர் ஊர்க்காரி இராவணன் தண்ணீரைத் தேடி வந்திருக்கிறா. இரண்டு கதையையும் ஒரே மூச்சில் நம்ப அவவுக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

இனி நன்றிக்கு வருகிறேன்.

வந்தவுடன் அடையாள அட்டையைக் கேட்பதற்கு முன்னம் நீங்கள் கேட்டது, "நாளைக்கு எத்தனை மணிக்குக் கன்னியா?" என்று. அடுத்தது, "அம்மா பிரஷர் குளிசை போடுறவவா?" ஓம் என்றதும் அண்ணனைப் பார்த்துத் தலையாட்டினீர்கள். அவர் மாடி அறையின் திறப்பை மாட்டிவிட்டுக் கீழறைத் திறப்பை எடுத்தார். சுடுதண்ணீர் மேலில் விழுந்தால் இரத்தக் குழாய்கள் விரியும், அழுத்தம் இறங்கும், குளிசையும் போட்டிருந்தால் சட்டென்று எழும்பும்போது தலை சுற்றும். இதை நான் பிறகு எங்கள் ஊர் டொக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீங்கள் எந்த டொக்டரிடமும் கேட்டிருக்க மாட்டீர்கள், வந்து போனவர்களைப் பார்த்துப் படித்திருப்பீர்கள். "முதல்ல கால், பிறகு இடுப்பு, கடைசியாத் தலை. முடிஞ்சதும் உடன எழும்பக் கூடாது, கொஞ்சம் குந்தி இருக்கோணும்" என்று அம்மாவுக்குச் சொன்னீர்கள். குந்த ஏலாது என்று அம்மா சொன்னதும், குசினிக்குள் போய் உயரமான பிளாஸ்ரிக் ஸ்ரூல் ஒன்றைக் கொண்டு வந்து, வாளியோடும் கோப்பையோடும் சேர்த்து ஓட்டோவுக்குள் வைத்துவிட்டீர்கள். அந்த ஸ்ரூல் இல்லாவிட்டால் நாங்கள் ஏழு கிணற்றையும் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்போம்.

பாடசாலைப் பிள்ளைகளின் சுற்றுலா பஸ்கள் வருவதற்கு முன்னம் போய்வர வேண்டும் என்று விடியப்புறமே எழுப்பியதும் நீங்கள்தான். திரும்பி வரும்போது கேற்றிலிருந்து அறை வாசல் வரை சாக்கு விரித்திருந்தது. ஈரக் கால் வழுக்காமல் இருக்க. பின்வளவில் கொடி கட்டி, கிளிப்பும் தொங்கவிட்டிருந்தீர்கள். அறைக்குள் ஈரச் சேலையைக் கட்டில் விளிம்பில் போட்டுக் காயவைக்கிற அவதி உங்கள் லொட்ஜில் யாருக்கும் இல்லை. மேசையில் மூடி வைத்த மல்லித்தண்ணி. அம்மா அதைக் குடித்துவிட்டுச் சுவரைப் பிடிக்காமல் கட்டிலுக்குப் போனா. முழங்கால் மாறிவிட்டது என்று எழுதமாட்டேன். தேய்ந்த எலும்பைச் சுடுதண்ணீர் திரும்ப வளர்க்காது. ஆனால் இறுகிய தசை இளகும், அன்றைக்குக் காலை மடக்கி நீட்டலாம். அம்மா கேட்டதும் அவ்வளவுதான்.

எனக்கு இதெல்லாம் ஏன் இவ்வளவு பெரிதாகப் படுகிறது என்றால், நான் அமிர்தகழிக்காரி. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கத்துக்கு எங்கெங்கிருந்தோ சனம் வரும். தகப்பனை இழந்தவர்கள் அன்றைக்கு விரதம். குளத்தில் முழுகி எழும்பிய சனம் அப்படியே எங்கள் தெரு வழியே நடந்து வரும். சொந்தக்காரர், சொந்தக்காரரின் சொந்தக்காரர், பெயரே தெரியாதவர், எல்லாரும் எங்கள் வீட்டு முற்றத்தில் ஈரத்தோடு நிற்பார்கள். அன்றைக்குச் சாப்பாடு பிறகுதான். முதலில் வேண்டியது உடுப்பு மாற்ற ஒரு மறைவு, ஈரம் போட ஒரு கொடி, கால் வைக்க ஒரு சாக்கு, கிழவிகளுக்கு ஒரு கதிரை. தண்ணீரிலிருந்து ஏறி வருகிற மனிதருக்குக் குளிரும், கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கும், யாரையும் கேட்கக் கூச்சப்படுவார். அவர் கேட்க முன்னம் கொடுத்துவிட வேண்டும். இதை எங்கள் அம்மம்மாவும் அம்மாவும் செய்யப் பார்த்து வளர்ந்தவள் நான். காசுக்கு அறை விடுகிற இடத்தில் இதைப் பார்த்தது உங்களிடம்தான்.

உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை ஹொட்டல்களை நான் குறை சொல்லவில்லை. கடலைப் பார்க்க வருகிறவர்களுக்கு அவை சரி. நீச்சல் தடாகத்துத் துவாய்க்கும் அங்கே ஆள் இருக்கும். ஆனால் கன்னியாவுக்கு வருகிற சனம் வேறு. பாதிப்பேர் வேடிக்கை பார்க்க, பாதிப்பேர் கடன் கழிக்க. எங்களுக்குப் பக்கத்து அறையில் ஒரு குடும்பம் அந்தியேட்டிக்கு வந்திருந்தது. இறந்தவர் யார், என்ன வயது, ஒன்றும் நீங்கள் எங்களுக்குச் சொல்லவில்லை. விறாந்தையில் ரீவியை நிறுத்தினீர்கள், என் மகனைக் கூப்பிட்டுக் குசினியில் வேலை கொடுத்தீர்கள். அவர்களுக்குச் சைவச் சட்டி வேறு, எங்களுக்கு மச்சச் சட்டி வேறு. அன்றிரவு மீன் பொரிக்கிற வாசமே அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டீர்கள். அந்தப் பிள்ளைகள் காலையில் போகும்போது உங்களிடம் வந்து ஒன்றும் பேசாமல் நின்றதைப் பார்த்தேன். நீங்களும் ஒன்றும் பேசவில்லை.

மாடியில் அநுராதபுரத்திலிருந்து வந்த சிங்களக் குடும்பம். அவர்களிடமும் ஒரு கிழவி, அதே முழங்கால். நீங்கள் நடுவில் நின்று மொழிபெயர்க்க, இரண்டு பேரும் எண்ணெய் வகைகளைப் பற்றி அரை மணித்தியாலம் தர்க்கப்பட்டார்கள். கன்னியாவில் பிள்ளையார் கோயில் இருந்த மேட்டைப் பற்றிய தகராறு 2019 இல் வீதிக்கும் வந்தது, நீதிமன்றத்துக்கும் போனது. எனக்கு அதில் ஒரு பக்கம் உண்டு, உங்களுக்கும் இருக்கும். ஆனால் உங்கள் விறாந்தையில் அந்தக் கதையை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. இது பெரிய நல்லிணக்கம் என்று யாரும் மேடை போட வேண்டாம். அந்த மேடு யாருக்கு என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. இரண்டு கிழவிகளுக்கும் அன்றைக்கு எண்ணெய்தான் முக்கியம்.

குறை இல்லையா என்றால், உண்டு. உங்கள் மின்விசிறி இரவு முழுக்கக் கிறீச்சிட்டது. கண்ணாடியில் முகத்தை விடப் புள்ளிதான் கூடத் தெரிந்தது. படுக்கை விரிப்பு தைத்துத் தைத்து ஒட்டுப் போட்டது, ஆனால் வெயிலில் காய்ந்து மொரமொரவென்று இருந்தது. நட்சத்திரம் கொடுக்கிறவர்கள் விசிறியையும் கண்ணாடியையும் எழுதிக்கொண்டு போவார்கள், சாக்கையும் ஸ்ரூலையும் எழுத அவர்களிடம் கட்டம் இருக்காது. உலகத்தின் மிகப் பழைய ஹொட்டல் என்று கின்னஸ் புத்தகம் சொல்வது ஜப்பானில் யமனாஷி மலைகளுக்குள், ஒரு வெந்நீரூற்றின் பக்கத்தில் இருக்கிறது. கி.பி. 705 இல் தொடங்கியதாம். சுடுதண்ணீர் உள்ள இடத்தில் சத்திரம் நிலைக்கும் போல. உங்களுடையதும் நிலைக்கட்டும், விசிறியை மட்டும் மாற்றுங்கள்.

காசு கொடுக்கும்போது சொன்னதற்கு மேல் ஒரு சதமும் நீங்கள் வாங்கவில்லை. ஓட்டோக்காரத் தம்பியும் அப்படியே. தயிர்ச் சட்டியை மட்டும் மறுக்கவில்லை. அம்மாவுக்கு அதில் பெரிய சந்தோசம். சட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டாம், அதில் வெந்தயக் கீரை போடலாம் என்று சொல்லச் சொன்னா.

வருகிற ஆடி அமாவாசைக்கு நீங்கள் இரண்டு பேரும் இங்கே வர வேண்டும். அக்காவின் அப்பா போய்விட்டார் என்று குசினியில் சொன்னது ஞாபகம். முதல் நாள் பின்னேரமே வந்துவிடுங்கள். தீர்த்தத்தன்று காலையில் வாகனங்களை எட்டவே மறித்துவிடுவார்கள், பிறகு வெயிலில் நடக்க வேண்டிவரும். பஸ் நிலையத்திலிருந்து ஓட்டோவில் மாமாங்கக் கோயிலடி என்று சொன்னால் போதும், கேற்றடியில் என் மகன் நிற்பான். பாயும் தலையணையும் இருக்கிறது. வாளி கொண்டுவர வேண்டாம். அண்ணனுக்கு உறைப்பு ஆகாதென்றால் முன்னமே சொல்லுங்கள், அம்மாவின் கையில் மிளகாய் கூடத்தான்.

இப்படிக்கு,
முழங்கால் அம்மாவின் மகள்,
அமிர்தகழி.