ஆழ்வார் பெயரில் ஒரு ராக் குழு

எழுபதைத் தாண்டியவனுக்கு ராக் இசையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எனக்கும் அதற்கும் பெரிய உறவு கிடையாதுதான். ஆனால் 1996-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஓர் ஆல்பத்தைப் பற்றி எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு வாரமாக வாக்குவாதம். காரணம், அந்தக் குழுவின் பெயர்: குலா ஷேக்கர். நம் குலசேகராழ்வாரின் பெயரைத்தான் லண்டன் பையன்கள் தங்கள் வாய்க்கு வந்தபடி அப்படி ஆக்கிக்கொண்டார்கள். திருமழிசையாழ்வார் அவதரித்த ஊரில் குடியிருந்துகொண்டு இதைச் சும்மா விட முடியுமா?

ஆல்பத்தின் பெயர் 'கே'. ஒரே எழுத்து. பாடகர் கிரிஸ்பியன் மில்ஸ், நடிகை ஹேலி மில்ஸின் மகன். அந்த அம்மாள் சிறுமியாக இரட்டை வேடத்தில் நடித்த 'தி பேரன்ட் டிராப்' (1961) படம்தான் நம் ஊரில் குட்டி பத்மினி நடித்த 'குழந்தையும் தெய்வமும்' ஆக வந்தது. 'கே' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதிலுள்ள 'கோவிந்தா' பாட்டு முழுக்க சமஸ்கிருதம். அதுவும் அங்கே முதல் பத்துக்குள் வந்தது.

இசை என்னவோ பழசு. கிடாரின் ஒலியை இழுத்து வளைத்து, எதிரொலி சேர்த்து, ஆர்கனையும் தம்புராவையும் கலந்து, கேட்பவனைக் கிறங்க வைக்கும் 'சைக்கடெலிக்' பாணி. பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1967-லேயே சிதாரோடு போய்வந்த வழி. அதனால் அந்த நாட்டு விமர்சகர்களே இரண்டு கட்சியானார்கள். தாத்தா காலத்துச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள், வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தியா ஓர் அலங்காரப் பொருள் என்றது ஒரு கட்சி. எந்தக் காலத்துச் சட்டையானால் என்ன, பாட்டு நன்றாக இருக்கிறதே என்றது மற்றது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே 'பஸ்தீஷ்' என்று ஒரு பயிற்சி உண்டு. லா ஃபோன்தேன் நடையில் நீயே ஒரு நீதிக்கதை எழுது என்பார் வாத்தியார். அது காப்பியடிப்பது ஆகாது. ஒருவரின் நடையை உள்ளே வாங்கிக்கொண்டேன் என்று காட்டுவது. பெரிய எழுத்தாளர் புரூஸ்த்தே அப்படி எழுதியவற்றை 1919-இல் புத்தகமாகப் போட்டார். ஆகவே பழைய பாணி என்பதற்காக மட்டும் நான் இந்தப் பையன்களைத் தள்ள மாட்டேன். சத்தம் என் காதுக்கு அதிகம், ஆனால் கைவேலை சுத்தம்.

நடையை வாங்கிக்கொள்ளலாம், பக்தியை அப்படி வாங்கிக்கொள்ள முடியுமா? பிரபந்த கோஷ்டியில் சேவிக்கும் என் நண்பர் அங்கேதான் பிடித்தார். "சார், குளிச்சு, திருமண் இட்டுண்டு சொல்ற பேரு. அதை பீர் குடிக்கிறவன் நடுவுல கத்தறதா?" என்றார். கல்லூரியில் படிக்கும் என் பேரன் விடவில்லை. "தாத்தா, இந்தப் பாட்டைக் கேட்டுட்டுத்தான் குலசேகராழ்வார் யாருன்னே நான் தேடினேன். கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனப்போ யாரும் சொல்லலையே?" என்றான். நண்பரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

நான் ஒரு சமாதானம் சொன்னேன். குலசேகரர் சேர நாட்டு அரசர். அரச வாழ்வு வேண்டாம், திருவேங்கடத்தில் ஒரு வாசற்படியாகக் கிடந்தாலும் போதும் என்று பாடியவர். அதனால்தான் பெருமாள் கோயில்களில் கர்ப்பக்கிருகத்து வாசற்படிக்குக் 'குலசேகரன் படி' என்று பெயர். படி என்றால் பலரும் வரும் வழிதானே? தெரிந்து வருகிறவனும் வருவான், தெரியாமல் வருகிறவனும் வருவான்.

நண்பர் சிரித்தார். "அந்தப் படிக்கு வெளியேதானே சார் நீரும் நானுமே நிக்கறோம்? அர்ச்சகரும் அதை மிதிக்கறதில்லை, தாண்டித்தான் போறார்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. உள்ளே போகிறவனுக்கும் படியின்மேல் ஒரு மரியாதை வேண்டும் என்று அவர் சொல்வது நியாயம். அந்தப் பையன்களிடம் அது இருந்ததா என்று திருமழிசையில் உட்கார்ந்துகொண்டு நான் தீர்ப்பு எழுத முடியாது. என் பேரனிடம் இப்போது இருக்கிறது. மேசையில் பெருமாள் திருமொழி உரை திறந்து கிடக்கிறது. பக்கத்திலேயே காதில் மாட்டும் ஒயரும் கிடக்கிறது.

நேற்று நண்பர் அந்த 'கோவிந்தா'வைப் போடச் சொல்லி முழுசாகக் கேட்டார். பிடித்தது என்று சொல்லவில்லை. "உச்சரிப்பு பரவாயில்லை" என்றார். அவர் வாயிலிருந்து அதுவே அதிகம்.