நான் போட்ட வருகை

விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தபோது, பள்ளியில் இல்லாத பிள்ளைகளுக்கு நான் வருகை போட்டேன். ஏதோ ஒருநாள் இருநாள் அல்ல. பொங்கல் முடிந்ததிலிருந்து ஏப்ரல் தேர்வுவரை, ஆண்டுதோறும். எல்லோரும் இருளர் குடியிருப்புப் பிள்ளைகள்.

பொங்கல் கழிந்ததும் அந்தக் குடும்பங்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விடும். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேச்சு. அப்பா மண் குழைப்பார், அம்மா கல் அறுப்பார், பச்சைக் கல்லைத் திருப்பிப் போட்டுக் காயவைப்பது பிள்ளைகள் பாடு. கைக்குழந்தை இருந்தால் அது மூத்த பெண்ணின் இடுப்பில். புறப்படும் முன் தாய்மார்கள் என்னிடம் வந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "பேர மட்டும் வெட்டிடாதீங்க சார், ஆடியில வந்துடுவோம்."

பெயரை வெட்டாதது சரி. வந்ததாகக் குறித்தது பொய். அதைக் கருணை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வேறு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர். 61 ஆனால்தான் மூன்றாமவர். எங்கள் எண்ணிக்கை அந்த விளிம்பில் இருந்தது. லாங் ஆப்சென்ட் என்று எழுதினால் விசாரணை வரும், பெயர்கள் நீங்கும், ஆகஸ்ட் 1 நிலவரப்படி ஒரு பணியிடம் உபரியாகிவிடும். ஐந்து வகுப்பையும் இரண்டே பேர் இழுக்க வேண்டியிருக்கும் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்குப் பிள்ளைகளை விலையாகக் கொடுத்தேன்.

என் பொய்யால் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பில் அவர்களில் ஒருவர்கூட இடம்பெறவில்லை. அந்தப் பட்டியலில் பெயர் இருந்திருந்தால் சூளைப் பக்கம் ஒரு சிறப்புப் பயிற்சி மையம் கேட்டிருக்கலாம். அங்குள்ள பள்ளியிலேயே சேர்க்கச் சொல்லியிருக்கலாம், டி.சி. தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் என் பள்ளிக்குத் தினமும் வருவதாக நான் எழுதிவைத்த பிள்ளையை அங்கே யார் தேடுவார்கள்? சத்துணவில் அவர்கள் பெயருக்கும் முட்டைக் கணக்கு எழுதப்பட்டது. தட்டிக்கேட்க எனக்கு வாயில்லை. அந்த எண்ணிக்கையைக் கொடுத்ததே நான்தான்.

ஒரு பெண்பிள்ளை இரண்டாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தாள். பெயர்ப் பலகை, தீப்பெட்டி, எதைக் கண்டாலும் உரக்கப் படிப்பாள். சூளைக்குப் போய் ஆடியில் திரும்பியபோது பாதி எழுத்து மறந்திருந்தது. ஆனாலும் மூன்றாம் வகுப்பு. யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்ற விதி எனக்கு வசதியாகப் போயிற்று. விட்டதைப் பிடிக்க மாலையில் அரைமணி நேரம் உட்கார்த்தியிருந்தால்கூடப் போதும். நான் அதையும் செய்யவில்லை. அடுத்த ஆண்டும் சூளை, அதற்கடுத்த ஆண்டும் சூளை. ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளியில் ஆறில் சேர்ந்தாள். அந்தப் பள்ளி ஆசிரியை போன் செய்தார்: "வருகையெல்லாம் நல்லா இருக்கே சார், பேர் எழுதவே தடுமாறுறாளே?"

"வீட்டுச் சூழல் சரியில்லம்மா" என்றேன். அந்த அம்மா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

இப்போது அந்தப் பெண் தன் பெயரிலேயே முன்பணம் வாங்கிக் கல் அறுக்கிறாள். அவள் படிப்பு ஏழாம் வகுப்பில் நின்றதாகப் பதிவேடு சொல்கிறது. அது நின்றது என் பள்ளியில், இரண்டாம் வகுப்பில்.