மூன்று தடையிகள்

பாடசாலைத் தண்ணீர்த் தாங்கி லுஹருக்கு முன்பே காலியாகிவிடுகிறது. வுழூ செய்யப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். அதனால் நீர்மட்டம் காட்டும் கருவியொன்றைத் தரம் 10 பிள்ளைகளோடு செய்துகொண்டிருக்கிறோம். எங்களிடம் இருப்பது ஒரேயொரு ஈஎஸ்பி32 போட், அதுவும் பெற்றோர் சேர்த்துத் தந்த காசில் வாங்கியது.

எச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசொனிக் சென்சர் 5 வோல்ட்டில் இயங்கும்; அதன் எக்கோ முனையும் 5 வோல்ட்டையே தரும். போட்டின் முனைக்கோ வழங்கல் 3.3 வோல்ட், அதற்கு மேல் 0.3தான் எல்லை.

"யூடியூபில நேரே கொழுவுறாங்களே சேர், வேலை செய்யுதே?"

செய்யும்தான். எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி. மிஞ்சிய மின்னோட்டம் உள்ளேயுள்ள பாதுகாப்பு இருவாயியூடாகப் பாயும்.

பெட்டியில் 1 கிலோ ஓம் தடையிகள் மட்டுமே இருந்தன. ஒன்றுக்கு ஒன்று போட்டால் 2.5 வோல்ட். முனைக்கு ஆபத்தில்லை, ஆனால் அதை 'உயர்' என்று உறுதியாக ஏற்க வழங்கலின் முக்காற்பங்கு, அதாவது 2.475 வேண்டும். மயிரிழை இடைவெளி! கடைசியில் ஒரு மாணவிதான் இரண்டைத் தொடராக இணைத்தாள்: எக்கோவிலிருந்து முனைக்கு ஒன்று, முனையிலிருந்து நிலத்துக்கு இரண்டு. 5 × 2/3 = 3.33.

ட்ரிகர் முனைக்கு எதுவும் போடவில்லை. போட் தரும் 3.3 அதற்குப் போதும். நாளை தாங்கி மூடியில் பொருத்துகிறோம். இந்தச் சென்சருக்கு ஈரம் ஆகாது, அதற்கும் ஒரு வழி பார்க்க வேண்டும்.