அந்தேரியில் ஓர் அக்கினித் தூண்

மும்பைக்குப் போகிறவர்கள் எல்லோரும் கடலைப் பார்ப்பார்கள். நானும் பார்த்தேன். மூன்றாம் நாள் காலையில் மாதுங்காவில் அக்கா காப்பியைக் கையில் கொடுத்து, "சீக்கிரம் கிளம்பு. இன்றைக்கு உனக்கு எரிமலை காட்டப் போகிறோம்" என்றாள்.

"எரிமலையா! இந்த ஊரிலா?"

"பயப்படாதே, அது ஆறிப் போய்ச் சுமார் ஆறு கோடி வருஷம் ஆகிறது!" என்று சிரித்தார் அத்திம்பேர். அவர் கல்லூரியில் பூகர்ப்ப சாஸ்திரம் படித்தவர். கல்லைக் கண்டால் விடமாட்டார்.

மாதுங்கா ரோடில் மின்சார ரயிலேறி, அந்தேரியில் இறங்கி, ஆட்டோவில் சந்து சந்தாகப் புகுந்து போனோம். திடீரென்று அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே கன்னங்கரேலென்று ஒரு பாறை செங்குத்தாக எழும்பி நின்றது. அடேயப்பா! சுமார் 200 அடி உயரம்! அதுதான் கில்பர்ட் ஹில். நெட்டையான கல் தூண்களை நெருக்கிக் கட்டி நிறுத்தியது போல் இருந்தது.

"எந்தச் சிற்பி செதுக்கியது?" என்று கேட்டேன்.

"சிற்பியே கிடையாது. குளம் வற்றினால் சேறு பாளம் பாளமாக வெடிக்கிறதல்லவா? உருகிய பாறையும் ஆறும்போது சுருங்கி வெடிக்கும். வெடிப்பு உள்ளே இறங்க இறங்க, ஐந்து மூலை, ஆறு மூலைத் தூண்கள் உண்டாகிவிடும்" என்றார் அத்திம்பேர்.

பாறையில் வெட்டிய படிகளில் மூச்சு வாங்க ஏறினோம். உச்சியில் காவ்தேவி அம்மன் கோயில். தரிசனம் முடிந்து காற்றாட உட்கார்ந்ததும் கதை தொடர்ந்தது.

தக்காணத்தில் நெருப்பைக் கக்கியது ஒரே ஒரு மலை அல்லவாம். பூமியே நீள நீளமாகப் பிளந்து, பாறைக் குழம்பு வெள்ளமாகப் பரவியதாம். ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த அந்த அடுக்குகள் இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை மூடியிருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் சில இடங்களில் கனம் 2 கிலோமீட்டருக்கு மேல்! மும்பைப் பக்கத்தில் அவை மேற்கே, கடலை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன.

"ஒரு தோசை வேகுமுன் அதன்மேல் இன்னொரு கரண்டி மாவை ஊற்றின மாதிரியா?" என்றாள் அக்கா.

"இல்லை, நடுநடுவே நிறைய அவகாசம் இருந்தது. வொர்லியில் இரண்டு பாறை அடுக்குகளுக்கு நடுவே களிமண் படிந்து இறுகிய கல்லில், சின்னஞ்சிறு தவளைகளின் எலும்புகள் கிடைத்தன. 19-ஆம் நூற்றாண்டிலேயே விஞ்ஞானிகள் அவற்றை ஆராய்ந்தார்கள். நெருப்பு ஓய்ந்த வேளையில் அங்கே நன்னீர் தேங்கி, தவளைகள் குடித்தனம் நடத்தியிருக்கின்றன!"

அடுத்த வெள்ளம் வந்தபோது அந்தத் தவளைகளின் சந்ததி என்ன பாடுபட்டதோ! எனக்கு மனசு என்னவோ செய்தது.

இறங்கும்போது கேட்டேன்: "இந்தத் தூண் மட்டும் ஏன் தன்னந்தனியாக நிற்கிறது?"

அத்திம்பேர் முகம் மாறியது. "தனியாகப் பிறக்கவில்லை. சுற்றியிருந்ததையெல்லாம் மனிதன் வெட்டி எடுத்துவிட்டான். மிச்சம் இதுதான். அமெரிக்காவில் இதே மாதிரியான டெவில்ஸ் டவரை 1906-லேயே தேசியச் சின்னமாக்கிப் பாதுகாத்தார்கள். இதை மும்பை மாநகராட்சி பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது 2007-ல்தான்."

அறிவித்தால் போதுமா? அடிவாரம் வரை வீடுகள் நெருங்கிவிட்டன. அந்த ஜனங்களைக் குறை சொல்லி என்ன பயன்? அவர்களுக்கும் தலைக்கு மேல் கூரை வேண்டாமா? ராஜாபாய் மணிக்கூண்டு குர்லா கல். கேட்வே ஆஃப் இந்தியா மஞ்சள் நிற எரிமலைக் கல். அந்த நெருப்பு தந்த கல்லால்தான் இந்த நகரமே எழுந்திருக்கிறது.

வீடு திரும்பியதும் அக்கா, மராட்டியர் வழக்கப்படி வாங்கி வைத்திருந்த 'பாட்டா' கல்லில் துவையல் அரைக்க உட்கார்ந்தாள். கன்னங்கரேலென்று இருந்த அந்தக் கல்லைத் தடவிப் பார்த்தவள், "ஏண்டி, இதுவும் அந்த மலையோட உறவுக் கல்லாகத்தான் இருக்குமோ?" என்றாள்.

அன்றைக்குத் துவையல் கொஞ்சம் கொரகொரவென்றுதான் இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.