அந்த முதல் மூன்று நாள்

"பாலே வரலைம்மா..." என்று என் பெண் அழுதபோது, குழந்தை பிறந்து இருபது மணி நேரம்தான் ஆகியிருந்தது. சிசேரியன். வயிற்றில் தையல், கையில் டிரிப்ஸ் ஊசி, பக்கத்தில் வீல் வீலென்று கத்தும் குழந்தை. வெளியே கார்த்திகை தீபக் கூட்டம். திருவண்ணாமலையில் அந்த நாட்களில் ஆட்டோ கிடைப்பதே அபூர்வம். அந்த நெரிசலிலும் எப்படியோ புகுந்து போய், சம்பந்தியம்மா ஒரு பால் பவுடர் டின்னும் பாட்டிலும் வாங்கி வந்துவிட்டார்.

"குழந்தை பசியால துடிக்குது. பார்த்துக்கிட்டு சும்மா இருக்க முடியுமா சம்பந்தி?" என்றார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், பாசம்தான். வெந்நீர் கேட்க நானே எழுந்துவிட்டேன்.

என்னைத் தடுத்தது என் சொந்தக் கதை.

1990-இல் இதே பெண்ணை இதே ஊரில்தான் பெற்றேன். முதலில் கசிந்த மஞ்சள் பாலை, "அது கெட்ட பால்டி, ஆகாது" என்று அம்மா பீய்ச்சிக் கொட்டச் சொன்னாள். கொட்டினேன். குழந்தையின் நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைத்தார்கள். (ஒரு வயது முடியும்வரை தேன் கூடாது என்று இப்போது டாக்டர்கள் கண்டிப்பாகச் சொல்கிறார்கள்.) மூன்று நாளும் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த துணிதான். வேடிக்கையைக் கேளுங்கள், அதே வாரம் எங்கள் வீட்டுப் பசு கன்று போட்டது. அதன் சீம்பாலை வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து ஆவியில் வேகவைத்துத் தெருவுக்கே கொடுத்தாள் அம்மா! அதுவும் கன்றுக்கு ஊட்டிவிட்டுத்தான் கறந்தாள். கன்றுக்குக் கிடைத்த நியாயம் என் குழந்தைக்குக் கிடைக்கவில்லை.

நாலாம் நாள் எனக்குப் பால் கட்டிக்கொண்டது. மார் கல்லாகிக் குளிர்ஜுரம். குழந்தையோ துணியைச் சப்பிப் பழகி, மார்பைப் பிடிக்கவே மாட்டேன் என்றது. இரண்டு மாதத்துக்குள் டின் பாலுக்குப் போய்விட்டோம். அந்தக் காலப் பத்திரிகைகளில் டின் பால் விளம்பரங்களில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரிக்கும், ஞாபகம் இருக்கிறதா? 1992-இல் சட்டம் போட்டுத்தான் அதைத் தடுத்தார்கள். எனக்கு அது இரண்டு வருஷம் தாமதம்.

இதை எல்லாம் நினைத்து நின்றபோது இரவு டியூட்டி நர்ஸம்மா வந்தார். டின்னைப் பார்த்தார், திட்டவில்லை. "குழந்தை ஒண்ணுக்குப் போச்சா?" என்று கேட்டார். ஒரு தடவை போயிருந்தது. "முதல் நாளைக்கு அது போதும்மா. இந்த வயித்துக்கு ஒரு வேளைக்கு ஒரு ஸ்பூன், ரெண்டு ஸ்பூன்தான் பிடிக்கும். நீங்க டம்ளர் கணக்குப் போடாதீங்க" என்றார்.

பிறகு என் பெண்ணை ஒருக்களித்துப் படுக்கவைத்து, குழந்தையை வயிற்றோடு வயிறாக அணைத்துக் காட்டினார். காம்பை மட்டும் வாயில் திணிப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பாம். குழந்தை கொட்டாவி விடுவது போல வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து, சுற்றியுள்ள கருப்புப் பகுதியும் உள்ளே போகும்படி சேர்க்க வேண்டும். மோவாய் மார்பில் பதிய வேண்டும். அப்படிப் பிடித்தால் காம்பு வெடிக்காது. அன்று குழந்தை நாலு இழுப்பு இழுத்துத் தூங்கிவிட்டது. உடனே கையால் மெதுவாக அழுத்தி, பாலாடையில் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தார். அரை ஸ்பூன்கூட இல்லை. நான் கொட்டின அதே மஞ்சள்! நோயை எதிர்க்கும் சத்து அதில்தான் அதிகமாம். வயிற்றில் இருக்கும் கறுப்பு மலத்தை இளக்கி வெளியேற்றுவதும் அதுதானாம். ஒரு சொட்டு சிந்தாமல் ஊட்டினார்.

"நஞ்சு விழுந்த பிறகுதான் உடம்பு பால் சுரக்க ஆரம்பிக்கும். நிறைய ஊற ரெண்டு மூணு நாள் ஆகும். ஆபரேஷன்னா ஒரு நாள் கூடவே ஆகலாம். குழந்தை சப்பச் சப்பத்தான் ஊறும். பாட்டிலைக் கொடுத்து அது சப்பறதைக் குறைச்சா பாலும் குறையும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாம் இரவுதான் கொடுமை. மணிக்கொரு தரம் அழுகை. பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். அப்போது அது யாருக்குத் தெரியும்? விடியற்காலை மூன்று மணிக்கு என் பெண், "நம்ம அம்மன் பேரே உண்ணாமுலைதானே? எனக்கும் அதே கதிதான் போல" என்று சிரிக்கிறாற்போல அழுதாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்படிச் சொல்லாதடி. சீர்காழியிலே அம்பாள் கொடுத்த பாலைக் குடிச்சவர்னு சொல்வாங்களே சம்பந்தர், அவர் இந்த ஊர்ப் பதிகத்தை அந்தப் பேரைச் சொல்லித்தான் ஆரம்பிச்சார்" என்றேன். சமாதானமாக ஏதாவது சொல்ல வேண்டுமே!

சம்பந்தியம்மாவும் தூங்கவில்லை. குழந்தையை மாற்றி மாற்றி எடுத்துக் கொடுத்தார். டின் அலமாரியிலேயே இருந்தது. குழந்தையின் எடை 2.8 கிலோவிலிருந்து 2.6-க்கு இறங்கியதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. முதல் நாட்களில் பத்தில் ஒரு பங்குக்குள் குறைவது சகஜம் என்றார் டாக்டர். அதைவிடக் குறைந்தாலோ, குழந்தை எழுப்பியும் எழாமல் துவண்டாலோ, சிறுநீர் நின்றாலோ உடனே சொல்லச் சொன்னார். அப்படிப்பட்ட குழந்தைக்கு வேறு பால் தேவைப்படலாம். அது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது, வீட்டுப் பெரியவர்கள் அல்ல.

மூன்றாம் நாள் சாயங்காலம் என் பெண்ணின் ரவிக்கை நனைந்தது. "அம்மா, இங்க பாரேன்!" என்று அவள் கூப்பிட்டதில் பக்கத்துப் படுக்கைக்காரி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஐந்தாம் நாளிலிருந்து ஆறேழு துணி நனைந்தது. பன்னிரண்டாம் நாள் பிறந்த எடை திரும்பியது.

பல வருஷம் காத்திருந்து பிறந்த குழந்தை. கரும்புத் தொட்டில் பிரார்த்தனை பாக்கி இருக்கிறது. வரும் கார்த்திகைக்குக் கரும்பு சொல்லிவைத்துவிட்டார் சம்பந்தியம்மா. மாடவீதி சுற்றும்போது கூட்டத்தில் எங்கே உட்கார்ந்து பால் கொடுப்பது என்பதுதான் இப்போது எங்கள் வீட்டில் தினசரி விவாதம்.