பெரிமாவுக்கு எட்டாத நோட்டீஸ்

2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் 5 மணிக்கு நாடே தட்டைத் தட்டியது. டாக்டருக்கும் நர்சுக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் நன்றி சொல்கிறார்களாம். குருசுக்குப்பத்தில் எங்கள் சந்து வரைக்கும் சத்தம் கேட்டது. அன்றைக்கும் குப்பை அள்ளிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்: "இன்னாத்துக்குடா தட்டுறாங்கோ?"

"உனக்குத்தாம்மா."

"எனக்கா? தட்டுனது போதும், கைக்கு ஒரு நல்ல உறை வாங்கிக் குடுக்கச் சொல்லு."

அப்புறம் ஊரடங்கு. ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு வந்து சமூக விலகலைக் கடைப்பிடியுங்கள் என்றார்கள். எங்கள் ஆயா சிரித்தது. "நம்மள எப்பவோ வெலக்கி வெச்சிட்டாங்களே, இப்ப புச்சா யார வெலக்குறாங்கோ?" வெறும் கிண்டல் இல்லை. எட்டி நில், தொடாதே என்பதையெல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட காது அது. உடம்புக்கு உடம்பு இடைவெளி என்று சொல்லுங்கள், சமூகத்தை விலக்கச் சொல்லாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமே அந்த மார்ச்சில் வார்த்தையை மாற்றிக்கொண்டது. எங்கள் தெருவுக்கு வந்த மைக் மாற்றிக்கொள்ளவில்லை. ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற வீட்டில் எந்த மூலைக்கு விலகுவது என்றும் அது சொல்லவில்லை.

சரி, நாமே சொல்வோம் என்று பையன்கள் சேர்ந்து நோட்டீஸ் போட்டோம். எழுதியது நான். எம்.ஏ. படித்தவன் இல்லையா! "மூச்சுத்திணறல் ஏற்படின் தாமதமின்றி மருத்துவமனையை அணுகவும்" என்று எழுதினேன். வீடு வீடாகக் கொடுத்தோம். பெரிமா வாங்கி மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டது. அதற்குப் படிக்கத் தெரியாது. படித்துக் காட்ட எனக்கும் தோன்றவில்லை.

2021 ஜனவரி 16-ல் தடுப்பூசி வந்தது. பிப்ரவரியில் முன்களப் பணியாளர் என்று துப்புரவுத் தொழிலாளிகளுக்குப் போட்டார்கள். அம்மாவை வரிசையில் நிறுத்திக் குத்தினார்கள். ஏன், எதற்கு, அப்புறம் என்ன ஆகும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ராத்திரி காய்ச்சல், மறுநாள் உடம்பு வலி. உடம்பு அந்தக் கிருமியை அடையாளம் கண்டு சண்டைக்குப் பழகுகிறபோது இப்படி ஒன்றிரண்டு நாள் காயும், நல்லதுதான், பயப்பட வேண்டாம் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். நானும் சொல்லவில்லை. பெரிமா வாசலில் உட்கார்ந்து தங்கச்சி அனத்துவதைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

ஏப்ரல் 1-ல் 45 வயது தாண்டியவர்களுக்கெல்லாம் ஊசி என்றார்கள். பெரிமாவுக்கு 58. போவதா வேண்டாமா என்று இருந்தபோதுதான் நடிகர் விவேக் சென்னையில் ஊசி போட்டுக்கொண்டார். ஏப்ரல் 15. மறுநாள் மாரடைப்பு. 17-ந் தேதி செத்துப்போனார். "அம்மாம் பெரிய ஆளே பூட்டாரு, நானெல்லாம் எம்மாத்திரம்?" என்றது பெரிமா. அதற்கு என்னிடம் பதில் இல்லை. "படிக்காத ஜனங்களே இப்படித்தான்" என்று கத்தினேன். ஆமாம் தோழர்களே, எந்த வாயால் எங்களை ஊர் பேசியதோ அந்த வாயை நானும் வைத்திருந்தேன். அந்தச் சாவுக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று மத்திய அரசின் குழு ஆராய்ந்து சொன்னது அக்டோபரில். பெரிமா செத்தது மே மாதத்தில்.

காய்ச்சல் வந்து ஏழாவது நாள். "மூச்சு வாங்குதா பெரிமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். நோட்டீசில் நான் எழுதியதைத்தானே நானும் கேட்பேன்? "இல்லடா, அசதியா கீது, அவ்ளோதான்" என்றது. கஞ்சி குடித்தது. பேசியது. எட்டாவது நாள் தூக்கம் தூக்கமாக வந்ததும் தூக்கிக்கொண்டு ஓடினோம். விரலில் கிளிப் மாட்டிப் பார்த்தார்கள். 79. நல்ல உடம்புக்கு 95-க்குக் குறையக் கூடாது.

பின்னாலதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மூச்சு முட்டுகிற உணர்வு பெரும்பாலும் உள்ளே கரியமில வாயு சேர்வதால் வருவது. இந்த நோயில் அது வெளியே போய்க்கொண்டே இருக்க, ரத்தத்தில் ஆக்சிஜன் மட்டும் சத்தமில்லாமல் இறங்கிவிடும். ஆள் பேசிக்கொண்டே இருப்பார். அப்படியானால் மூச்சுத்திணறலுக்காகக் காத்திரு என்று சொன்ன என் நோட்டீஸ் என்ன செய்தது? பெரிமாவை வீட்டில் உட்கார வைத்தது.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதினவர் நிமிராமலே கேட்டார், "உங்க ஆளுங்களுக்கு விழிப்புணர்வே கிடையாதா?" மூன்றாம் நாள் மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார்கள். முகம் பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வைத்திருந்த பணத்தில் கொஞ்சம் எடுத்து அந்தக் கிளிப் ஒன்று வாங்கினோம். சுவரில் சுண்ணாம்பால் பெரிதாக 94 என்று எழுதினோம். இதுக்குக் கீழ போனா கேள்வி கேக்காத, ஆஸ்பத்திரிக்குப் போ. வண்டி வரும்வரை குப்புறப் படு. அவ்வளவுதான் செய்தி. எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் ரூபாய் நோட்டில் எண் தெரியாதவர் எங்கள் தெருவில் யார்? சாயங்காலமானால் ஒரு பையன் நோட்டுப் புத்தகத்தோடு காய்ச்சல் கண்ட வீடுகளுக்குப் போவான். ஊசிக்குப் பேச அம்மா போனாள். புடவைத் தலைப்பை ஒதுக்கித் தோளைக் காட்டி, "ரெண்டு போட்டேன். ரெண்டு நா காஞ்சிது. தோ நிக்கிறேன் பாரு" என்பாள். என் அக்கா புருஷன் எண் 91-க்கு இறங்கிய ராத்திரி, மூச்சு நல்லாத்தானே இருக்கு என்று அவர் சொல்லச் சொல்ல இழுத்துக்கொண்டு போனோம். பிழைத்து வந்தார்.

ஆயாவும் ஊசி போட்டுக்கொண்டது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் அம்மை குத்த வந்தவனைப் பார்த்துக் கவிழ்த்த கட்டுமரத்துக்குப் பின்னால் ஒளிந்த கதையைச் சொல்லும். பிடித்து இழுத்துக் குத்தினார்களாம். தழும்பு இன்னும் இருக்கிறது. "அன்னிக்கும் ஒருத்தனும் சொல்லிக் குத்தல" என்கிறது.

நம்மில் சொன்னவர்கள் இல்லையா? 1907-ல் தமிழன் பத்திரிகை தொடங்கிய பண்டிதர் அயோத்திதாசர் சித்த வைத்தியர். பூனாவில் பிளேக் வந்தபோது நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே அதே நோயில் 1897 மார்ச் 10-ல் செத்தவர் சாவித்திரிபாய் பூலே. பள்ளிக்கூடம் நடத்தியவர் வைத்தியத்துக்கும் கூட நின்றார். எழுத்தும் உடம்பும் அவர்களுக்கு வேறு வேறாக இல்லை. நாம்தான் நோட்டீஸ் அடித்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

இப்போதும் டெங்கு சீசனில் எழுதுகிறோம். அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மாவிடம் படித்துக் காட்டுகிறேன். "அணுகவும்னா இன்னாடா?" என்று கேட்டால் அந்த வரியை அடித்துவிடுகிறேன். பெரிமாவிடம் ஒரு தரம் படித்துக் காட்டியிருந்தால் அதுவும் கேட்டிருக்கும்.