மெற்றோபார்க்கிலிருந்து ஜக்சன் ஹைற்ஸ் வரை

ஐசலினுக்குப் புதிதாக வந்து சேரும் எங்கள் குடும்பங்கள் முதலிற் கேட்பவை மூன்று கேள்விகள். நல்ல அரிசி எங்கே வாங்கலாம்? பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கூடத்திற் சேர்ப்பது? நியூயோர்க்குக்கு எங்கே ரயில் ஏறுவது? இவற்றுக்கு யாரும் விடை சொல்வார்கள். நாலாவது கேள்வி ஒன்று உண்டு. அதை வாய்விட்டு ஒருவரும் கேட்பதில்லை. வளர்ந்த பிள்ளை ஒருநாள் வந்து, "எனக்குப் பெம்பிளை பாக்க வேண்டாம், நான் ஒரு பெடியனைத்தான் விரும்புறன்" என்று சொன்னால் என்ன செய்வது? எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி வந்தது. அதற்கு விடை தேடிப் போன ஒரு பயணத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஐசலினைப் பற்றிச் சொல்ல வேண்டும். நியூ ஜேர்சியில் வூட்பிரிட்ஜ் நகராட்சிக்குள் அடங்கிய சிறிய ஊர் இது. ஓக் ரீ ரோட் என்னும் தெரு ஐசலினையும் பக்கத்து எடிசனையும் ஊடறுத்துப் போகிறது. சேலைக் கடை, நகைக் கடை, இனிப்புக் கடை, தோசைக் கடை என்று இரு பக்கமும் நெருக்கமாக இருக்கும். சனி ஞாயிறில் கார் நிறுத்த இடம் கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள். முருங்கைக்காயும் வெண்டிக்காயும் வாங்க வந்தால் தெரிந்த முகம் நாலைந்தையாவது காணாமல் வீடு திரும்ப முடியாது. அதுதான் இந்தத் தெருவின் சுகம். சிலருக்கு அதுவே பயம்.

என் அக்காவின் மகன், என் பெறாமகன், சனிக்கிழமைகளில் இங்கே சாமான் வாங்க வருவான். கூட ஒரு நண்பன் வருவான். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், ஒரே சட்டியிற் சமைக்கிறார்கள், கிரிக்கெற் பார்த்துச் சண்டை பிடிக்கிறார்கள். ஆனால் ஓக் ரீ ரோட்டில் மட்டும் இரண்டு அடி தள்ளித் தள்ளி நடப்பார்கள். நான் இதைப் பல மாதம் கண்டும் விளங்கிக்கொள்ளவில்லை. பிறகு ஒருநாள் அவன் தாய்க்கு உண்மையைச் சொன்னான். அக்கா அழவில்லை. "அவனை இனி என்ர வாசலுக்கு வர வேண்டாமெண்டு சொல்லு" என்று எனக்கு ரெலிபோன் எடுத்தா. அதோடு இரண்டு வருடம் தாயும் மகனும் பேசவில்லை.

1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்துச் சனம் முழுவதும் வெளிக்கிட்டபோது அவனுக்கு நாலு வயது. மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் அவனைத் தோளிற் சுமந்துகொண்டு நடந்தவள் என் அக்கா. அந்தப் பிள்ளையைத்தான் வாசலுக்கு வராதே என்றாள்.

சென்ற ஆண்டு யூன் மாதம் முதல் ஞாயிறு அவன் கேட்டான்: "சின்னம்மா, என்னோட ஒரு இடத்துக்கு வாறியளே? வெயிலாயிருக்கும், குடை கொண்டு வாங்கோ." எங்கே என்று கேட்டேன். "ஜக்சன் ஹைற்ஸ்" என்றான். சேலை வாங்கப் பல தடவை போன இடம். சரி என்றேன். எதற்கென்று ரயிலில் ஏறிய பிறகுதான் சொன்னான்.

எங்கள் ஊருக்கு ரயில் மெற்றோபார்க் ஸ்ரேசன். அங்கிருந்து நியூயோர்க் பென் ஸ்ரேசனுக்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரம். றாவே, லின்டன், எலிசபெத், நியூவார்க் என்று வழியில் ஊர்கள் வரும். எலிசபெத் வந்தபோது நான் வழக்கம்போல் யன்னலால் வெளியே பார்த்தேன். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பண்டகசாலையை மாற்றியமைத்து, 1994 இல் தஞ்சம் கேட்டு வருபவர்களை அடைத்துவைக்கும் தடுப்பு நிலையம் திறந்தார்கள். ஜே.எவ்.கே. விமான நிலையத்தில் இறங்கித் தஞ்சம் கேட்டவர்களுக்கு அந்தப் பெயரே வயிற்றைக் கலக்கும்.

"சின்னம்மா, உங்களுக்கு ஒரு விசயம் தெரியுமோ?" என்று பெறாமகன் சொன்னான். 1990 வரைக்கும் இந்த நாட்டுக் குடிவரவுச் சட்டம் என்னைப் போன்றவர்களை உள்ளே விடக்கூடாது என்றே வைத்திருந்தது என்றான். அதே 1990 இல், கியூபாவிலிருந்து வந்த ஒருவரின் வழக்கில், ஒருபால் விருப்பத்துக்காகத் துன்புறுத்தப்பட்டவர் ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்தவர் என்று குடிவரவு மேன்முறையீட்டுச் சபை ஏற்றுக்கொண்டது. 1994 இல் சட்டமா அதிபர் ஜனற் றீனோ அந்தத் தீர்ப்பை நாடு முழுவதற்கும் முன்னுதாரணமாக்கினார். எங்களுக்கு இனம் என்ற காரணம் எப்படியோ, அவர்களுக்கு இந்தக் காரணம் அப்படி. தஞ்சம் கேட்கும் படிவமும் ஒன்றுதான், போய் நிற்கும் வரிசையும் ஒன்றுதான். இதை வாசிப்பவர்களில் யாருக்காவது தேவைப்படலாம் என்பதால் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். 1996 இல் வந்த சட்டத்தின்படி, நாட்டுக்குள் வந்து ஓராண்டுக்குள் தஞ்ச விண்ணப்பம் கொடுக்க வேண்டும். விலக்குகள் சிலவே. வெட்கப்பட்டு மறைத்துக் காலத்தைத் தவற விடாமல், குடிவரவு வழக்குத் தெரிந்த சட்டத்தரணியிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பென் ஸ்ரேசனில் இறங்கி, நிலக்கீழ் ரயிலில் ஈ என்ற எழுத்துப் போட்ட வண்டியைப் பிடித்தால் அரை மணிக்குள் ஜக்சன் ஹைற்ஸ். 74 ஆம் தெருவில் ஏறி வந்ததும் ஓக் ரீ ரோட்டுக்கு வந்த மாதிரியே இருக்கும். நகைக் கடை, வங்காளிகளின் மீன் கடை, நேபாளிகளின் மோமோ, ஸ்பானிய மொழி பேசுபவர்களின் பழ வண்டி. இதற்கு முன் நான் 74 ஆம் தெருவைத் தாண்டியதில்லை. அன்று பெறாமகன் என்னை 37 ஆவது அவெனியூவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். 89 ஆம் தெருவிலிருந்து 75 ஆம் தெரு வரைக்கும் ஊர்வலம். இரு பக்கமும் சனம். மடக்கு நாற்காலி கொண்டுவந்து உட்கார்ந்த கிழவிகள், தோளிற் பிள்ளை வைத்த தகப்பன்மார், பள்ளிக்கூட வாத்தியக் குழு. நான் நினைத்து வந்த மாதிரி இல்லை. எங்கள் ஊர்த் தேரடியில் நின்ற நினைவுதான் எனக்கு வந்தது.

இந்த ஊர்வலம் ஒரு சாவிலிருந்து தொடங்கியது. 1990 யூலை 2 இரவு, கூலியோ றிவேரா என்ற 29 வயது இளைஞனை இந்த இடத்துப் பள்ளிக்கூட வளவு ஒன்றில் மூன்று பெடியன்கள் சுத்தியலாலும் கத்தியாலும் கொன்றார்கள். அவன் ஒருபால் விருப்பமுள்ளவன் என்பதுதான் குற்றம். காவல்துறை இதை வெறுப்பினால் நடந்த கொலை என்று முதலில் ஏற்கவில்லை. நண்பர்களும் அயலவர்களும் தெருவில் இறங்கினார்கள். அந்த எழுச்சியிலிருந்து 1993 யூன் 6 அன்று முதலாவது குவீன்ஸ் ஊர்வலம் நடந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் டானியல் ட்றொம். அப்போது அவர் பள்ளி ஆசிரியர், பின்னாளில் நகரசபை உறுப்பினர். இப்போது 78 ஆம் தெரு மூலைக்குக் கூலியோ றிவேராவின் பெயர் வைத்திருக்கிறார்கள். ஊர்வலம் ஆட்டம் பாட்டத்தோடு வந்து, இறந்தவர்களுக்காக ஒரு கணம் அமைதியாகிறது. அவ்வளவு சனமும் மூச்சுவிடாமல் நின்றபோது எனக்குக் கண் கலங்கியது.

இன்னொரு பெயரும் எனக்கு நினைவுக்கு வந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பு, 1987 செப்ரெம்பரில், எங்கள் நியூ ஜேர்சியின் ஹோபோக்கனில் நவ்றோஸ் மோடி என்ற இந்திய இளைஞரை ஒரு கூட்டம் அடித்துக் கொன்றது. பொட்டு வைத்தவர்களைத் தாக்குவோம் என்று பக்கத்து ஜேர்சி சிற்றியிற் சிலர் கடிதம் எழுதித் திரிந்த காலம் அது. நான் வந்த புதிதிலே கடைக்காரர்கள் அந்தக் கதையைச் சொல்லிப் பயப்படுவார்கள். அடிப்பவனுக்குப் பொட்டும் ஒன்றுதான், இதுவும் ஒன்றுதான். 83 யூலையில் கொழும்பில் வாளி என்ற சொல்லைச் சொல்லச் சொல்லி ஆளை அடையாளம் பிடித்தார்களே, அவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

ஊர்வலத்தில் தெற்காசியப் பிள்ளைகளின் அணியும் வந்தது. மேளம், சேலை, குர்தா எல்லாம். நியூயோர்க்கில் சல்கா என்ற தெற்காசிய அமைப்பு 1990களின் தொடக்கத்தில் உருவானது. அதற்கு முன்னமே, 1986 இல், கலிபோர்னியாவின் விரிகுடாப் பகுதியில் திரிகோண் என்ற அமைப்பும் பத்திரிகையும் பிறந்துவிட்டன. மன்ஹற்றன் 13 ஆம் தெருவிலுள்ள பொது நிலையத்தில் சல்காக்காரர்கள் மாதந்தோறும் கூடுவார்கள். வீட்டுக்குத் தெரியாமல் வந்தவன், கலியாணம் பேசி நெருக்கப்படுகிறவள், விசா முடிகிறவன் என்று எல்லோரும் வட்டமாக இருந்து பேசும் இடம் அது. மன்ஹற்றனில் நடக்கும் இந்திய சுதந்திர தின ஊர்வலத்தில் இவர்களைச் சேர்க்க 1990களின் நடுப்பகுதியில் ஏற்பாட்டாளர்கள் மறுத்தார்கள். இவர்கள் நடைபாதையிற் பதாகையோடு நின்றார்கள். ஓக் ரீ ரோட்டில் ஓகஸ்ற் மாத ஊர்வலத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்த நடைபாதைதான் நினைவுக்கு வருகிறது.

அணிகளிலெல்லாம் என்னை அதிகம் அசைத்தது பெற்றோர் அணிதான். அதன் கதையும் இந்தக் குவீன்ஸ் மண்ணிற் பிறந்தது. பிளஷிங்கில், எங்கள் பிள்ளையார் கோயில் உள்ள அதே பிளஷிங்கில், ஜீன் மன்போர்ட் என்ற பள்ளி ஆசிரியை இருந்தார். 1972 இல் அவருடைய மகனை உரிமைப் போராட்டத்தில் வைத்து அடித்தார்கள். அந்த யூனில் அவர் மகனோடு சேர்ந்து, கையால் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு ஊர்வலத்தில் நடந்தார். வழியில் முன்பின் அறியாத பிள்ளைகள் ஓடி வந்து, என்னுடைய அம்மாவோடும் பேசுங்கள் என்று கெஞ்சினார்களாம். மறு ஆண்டு மார்ச்சில் ஒரு தேவாலயத்திற் பெற்றோரின் முதற்கூட்டம் கூடியது. அதுதான் இன்று நாடு முழுவதும் கிளை பரப்பியுள்ள பிஃபிளாக் அமைப்பு. எங்களைப் போன்ற தெற்காசியப் பெற்றோருக்கென்றே தேசி ரெயின்போ என்ற அமைப்பும் பின்னர் நியூ ஜேர்சியிலிருந்து கிளம்பியது. இதெல்லாம் இருப்பது எங்கள் அக்காவுக்குத் தெரியாது. எனக்கும் அன்றுவரை தெரியாது.

பின்னேரம் றோசவெல்ற் அவெனியூவால் நடந்தோம். மேலே 7 ஆம் இலக்க ரயில் இரைந்து போகும், கீழே ஒரே வெளிச்சமும் பாட்டும். 1989 இல் திறந்த பிரென்ட்ஸ் ரவேர்ன் முதலாகச் சில மதுச்சாலைகள் இந்தத் தெருவில் லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகளின் கூடுமிடமாயின. நான் உள்ளே போகவில்லை. வாசலில் நின்றவர்கள் சிரித்துக் கையசைத்தார்கள், நானும் குடையை ஆட்டினேன். "நீ இதுக்குள்ள எல்லாம் போறனியோ?" என்று கேட்டேன். அவன் சிரித்தான். "முந்தி போனனான், சின்னம்மா. மன்ஹற்றனில எங்கட ஆக்கள் நடத்தின ஆட்டங்களுக்கும் போனனான். இந்திப் பாட்டு, பங்கரா, சில நேரம் தமிழ்ப் பாட்டும் போடுவினம். குடிக்கவெண்டு போறேல்லை. வேற எங்கயும் ஆரும் பாக்காமல் ஆடேலாது." எனக்குப் பதில் வரவில்லை. அப்போதுதான் கவனித்தேன். அவனும் நண்பனும் தோளோடு தோள் உரச நடந்துகொண்டிருந்தார்கள். ஐசலினில் நான் பார்த்த அந்த இரண்டு அடி அங்கே இல்லை.

"இது வெள்ளைக்காரன்ர பழக்கம்" என்று எங்கள் சனம் சொல்வதுண்டு. வெள்ளைக்காரன் எங்களுக்குத் தந்தது சட்டத்தைத்தான். இலங்கையின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையின் 365 ஆம் பிரிவு ஆங்கிலேயர் எழுதியது. இந்தியாவில் அதே வகைச் சட்டத்தின் கடுமையை 2018 செப்ரெம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியது. சென்னையில் 2009 யூனிலும், யாழ்ப்பாணத்தில் 2022 யூனிலும் முதல் ஊர்வலங்கள் நடந்தன. ஏச்சுச் சொற்களை விட்டு மதிப்பான சொற்களால் இவர்களைக் குறிக்க வேண்டுமென்று தமிழ்நாட்டு அரசு 2022 இல் ஒரு சொற்பட்டியலையே வெளியிட்டது. நாங்கள் இருக்கும் நியூ ஜேர்சியிலோ 2013 ஒக்ரோபர் 21 முதல் இருவரும் சட்டப்படி மணம் முடிக்கலாம்.

ஆனால் சட்டம் வீட்டுக்குள் வராது. மெற்றோபார்க்கில் மற்றப் பக்க ரயிலிற் சில நிமிடம் போனால் றட்கேர்ஸ் பல்கலைக்கழகம். எங்கள் பிள்ளைகள் பலர் படிக்கும் இடம். 2010 செப்ரெம்பரில் அங்கே ரைலர் கிளெமென்ரி என்ற 18 வயது மாணவனை அவனுடைய அறைத்தோழன் கணினிக் கமராவால் ஒளித்துப் பார்த்து, மற்றவர்களுக்கும் சொன்னான். சில நாளில் ரைலர் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். பார்த்தவன் எங்களைப்போலக் குடிபெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. இரண்டு வீட்டிலும் இடி விழுந்தது. எங்கள் பிள்ளை அந்த அறையில் எந்தக் கட்டிலிலும் இருந்திருக்கலாம். வீட்டில் நாங்கள் இதைப்பற்றி என்ன பேசுகிறோம், எதைக் கேட்டுச் சிரிக்கிறோம் என்பதை இரண்டு பிள்ளையும் கேட்டுக்கொண்டுதான் வளருகிறார்கள். மனம் உடைந்த பிள்ளை யாராவது இருந்தால் 988 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் ரெலிபோன் எடுக்கலாம்.

இரவு வீட்டுக்கு வந்ததும் அக்காவுக்கு எடுத்தேன். ஊர்வலத்தைப் பற்றிச் சொன்னேன், நாற்காலியோடு வந்த கிழவிகளைப் பற்றிச் சொன்னேன், பிளஷிங் ஆசிரியையைப் பற்றிச் சொன்னேன். மறுமுனையிற் சத்தமே இல்லை. வைத்துவிட்டாவோ என்று நினைத்தேன். பிறகு, "அந்த மற்றப் பெடியன் என்ன சாப்பிடுவான், மச்சம் சாப்பிடுவானோ?" என்று கேட்டா. சாப்பிடுவான் என்றேன். "அடுத்த முறை நீயும் வா, அக்கா" என்றேன். அவ ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மெற்றோபார்க்கிலிருந்து காலமை எத்தனை மணிக்கு ரயில் என்று மட்டும் கேட்டா.